இடது பக்கப் பின்கதவு

கறுப்புக் காரை நிழலில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெயிலுக்குக் கொண்டுவந்து, கதவுக்குப் பக்கவாட்டில் குனிந்து, சூரியன் விழுகிற இடத்தைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அந்த வெளிச்சப் பொட்டைச் சுற்றி மயிரிழை மயிரிழையாக வட்டக் கோடுகள் தெரியும். அழுக்குத் துணியால் துடைத்தது, மண் ஒட்டிய பஞ்சால் கழுவியது, எல்லாம் அங்கே பதிந்திருக்கும். கராஜில் நாங்கள் அதை வலை என்போம். வலையை எடுப்பதும் கீறலை எடுப்பதும் பதினோரு வருடம் என் வேலையாக இருந்தது. இரத்தினபுரி, குருவிட்ட, கேகாலை, மாவனெல்லை என்று பல ஊர்களில் பல கார்களைத் தேய்த்திருக்கிறேன். ஆனால் ஒரே கதவைத் திரும்பத் திரும்பத் தேய்த்தது ஒரு காரில் மட்டும்தான்.

அந்தக் கார் எஹலியகொடைக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்துத் துரையுடையது. அதை ஓட்டியவர் என் அக்காவின் புருஷன், என் மச்சான். எனக்குப் பதினைந்து பதினாறு வயது மூத்தவர். லொறியில் கிளீனராகத் தொடங்கி, றப்பர் பால் ஏற்றும் லொறிக்கு டிரைவராகி, கடைசியில் துரையின் காருக்கு வந்தவர்.

துரையின் டிரைவருக்கு ரோட்டோரம் தனி வீடு. இரண்டு அறை, கரண்ட், வாசலிலேயே பஸ் நிற்கும். வேலை போனால் அந்த வீடும் போகும். பிறகு மலைக்கு மேலே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவுக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே அப்போது கரண்ட் இல்லை. பஸ்ஸுக்கு இறங்கி வர ஒரு மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் அட்டையும் வழுக்கலும் சேர்ந்தால் அதற்கும் மேல். அக்காவுக்கு ஒரே மகள், டவுனில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மேல் லயத்துப் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் எட்டிலோ ஒன்பதிலோ நின்றுவிடுவார்கள். அடுத்த வருடம் கையில் பால் வாளியோடு மரத்தடியில் நிற்பார்கள். அக்கா அப்படி நின்றவள்தான். மகள் அப்படி நிற்கக்கூடாது என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு முடிவு. 

மச்சானுக்கு முன்னால் இருந்த டிரைவரைத் துரை நிறுத்தியது ஒரு கீறலுக்காக. குடித்ததற்காகவோ பெட்ரோல் திருடியதற்காகவோ அல்ல. துரை எப்போதும் பின்சீட்டில் இடது பக்கம்தான் உட்காருவார். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் பின்கதவு அவர் கண்ணுக்கு நேரே வரும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். பலாங்கொடையில் பேக்கரியில் மா பிசைந்தேன். மணல் லொறியில் போனேன். பிறகு இரத்தினபுரியில் மாணிக்கக்கல் பட்டை தீட்டும் கடையில் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். பட்டை விழுந்த கல்லுக்குக் கடைசியாக மினுக்கம் கொடுப்பது என் வேலை. செம்புத் தட்டைச் சுழலவிட்டு, நெல் உமியைச் சுட்டு அரித்தெடுத்த சாம்பலைத் தண்ணீரில் குழைத்து அதில் பூசி, கல்லை மெதுவாக வைக்க வேண்டும். மங்கலாக இருந்த நீலக்கல் சாம்பல் பட்டதும் விழித்துக்கொள்ளும். அந்தச் சாம்பல் எங்கள் கடையில் ஒரு பால்மா டின் நிறைய இருந்தது.

ஒருநாள் மத்தியானம் மச்சான் கடை வாசலில் வந்து நின்றார். துரையை ஒரு கூட்டத்துக்கு இறக்கிவிட்டு வந்திருந்தார். முகம் வெளிறியிருந்தாலும் வாய் மட்டும் வழக்கம்போலத்தான்.

"டேய் மச்சான், கல்லையே மினுக்குறவன் நீ. ஒரு தகரத்த மினுக்க மாட்டியா?"

காரைப் போய்ப் பார்த்தேன். இடது பக்கப் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கீறல்.

"எங்க பட்டுச்சு?"

"பங்களா கேட்டுத் தூணு."

"தூணு நடந்து வந்துச்சாக்கும்?"

"அதுக்கும் வயசாகுதுல்ல, கொஞ்சம் சாஞ்சிருச்சு. பேசிக்கிட்டு நிக்காதடா, நாலு மணிக்கு ஐயா வெளிய வந்துருவாரு."

நான் சாம்பல் டின்னை எடுத்து வந்தேன். இரத்தினபுரியில் இருப்பவன் வேறு எதை எடுப்பான்? வைரத்துக்கு அடுத்தபடி கெட்டியான கல்லைக் கண்ணாடியாக்குகிற சாம்பல், ஒரு காரின் பெயின்டை என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஈரத் துணியில் தொட்டு, வட்டம் வட்டமாக, கைவலிக்கக் கதவு முழுவதும் தேய்த்தேன். ஈரத்தோடு பார்க்க அழகாக இருந்தது. கீறல் மங்கிவிட்டது. மச்சான் என் முதுகில் தட்டினார்.

தண்ணீர் காய்ந்தது. வெயில் கதவில் விழுந்தது.

"ஐயையோ, சிலந்தி கூடு கட்டிருச்சேடா!" என்றார் மச்சான். எனக்கு முன்னால் பார்த்தது அவர்தான். இதை நான் மறக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அன்று அவர் கண்ணுக்கு அது தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கராஜ் இருந்தது. கைவேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கத்தில் பாஸ் என்று கூப்பிடுவோம். அந்தக் கராஜை நடத்திய சிங்கள பாஸ் கதவைப் பார்த்தார், என் கையில் இருந்த டின்னைப் பார்த்தார், ஒரு பழைய டயரில் உட்கார்ந்து சிரித்தார். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழும் வரும்.

"அடே, நீ இத நீலக்கல்லுன்னு நெனச்சியா? கல்லு கெட்டி, சாம்பல் தோத்துப் போவும். பெயின்ட் தோல் மாதிரி. தோலுல போய் சாம்பல் தேச்சா?"

சிரித்தபடியே ஒன்றரை மணி நேரத்தில் கதவைச் சரியாக்கிக் கொடுத்தார். துரைக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் நான் கல் கடையை விட்டு அந்தக் கராஜில் சேர்ந்தேன். பெரிய ஆசை ஒன்றுமில்லை. சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போயிருந்தது. இங்கே நின்று செய்யும் வேலை.

கீறலை எடுப்பது சேர்க்கிற வேலை இல்லை, குறைக்கிற வேலை. வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. எதையோ பூசி மூடுகிறோம் என்று நினைப்பார்கள். பெயின்டுக்கு மேலே கிளியர் என்று ஒரு பூச்சு இருக்கும், பிஸ்கட் பக்கெட்டைச் சுற்றியிருக்கும் கண்ணாடித்தாள் அளவுகூடக் கனமில்லாதது. கீறல் விழுவது அதில். முதலில் நகத்தால் குறுக்கே இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் மாட்டினால் அது ஆழம், விட்டுவிட வேண்டும். மாட்டாவிட்டால், கீறலின் அடி எங்கே இருக்கிறதோ அந்த மட்டத்துக்குச் சுற்றியுள்ள இடத்தையும் இறக்க வேண்டும். தண்ணீரில் ஊறவைத்த வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் கறுப்பெல்லாம் செத்து, கதவு அடுப்புச் சாம்பல் மாதிரி வெளிறிப்போகும். புதிதாகப் பார்க்கிறவர்கள் காரே போச்சு என்று அலறுவார்கள். பிறகு களிம்பைப் பூசி, ஆட்டு ரோமத் தட்டு போட்ட மெசினை ஓட்டினால் கறுப்பு திரும்பி வரும். ஓரிடத்தில் மெசினை நிறுத்தினால் எரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். போனது திரும்ப வளராது.

இரண்டாவது கீறல் மூன்று மாதம் கழித்து வந்தது. அதே கதவு. "மரக்கெள" என்றார் மச்சான். மூன்றாவதுக்கு, "சந்தையில எவனோ சைக்கிள சாத்திட்டான்" என்றார். அதற்குப் பிறகு காரணம் சொல்வதை விட்டுவிட்டார், நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கழுவுவதற்காக டிரைவர் வீட்டுக்கு வரும். வீட்டுக்குப் பின்னால் ஓடை, ஓடையோரம் ஒரு பலா மரம். பாஸிடம் கேட்டு மெசினை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு காலை பஸ்ஸில் வருவேன். அது யுத்த காலம், வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் சாக்கை அவிழ்க்கச் சொல்வார்கள். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு மெசினை இரண்டு தடவை புரட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒருவன் அதைத் தன் தலையில் வைத்துப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

ஜன்னல் வழியாக வயரை இழுத்து, மரத்தடியில் வேலை செய்வேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவருவாள். பின்வாசல் படியில் மகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். "மாமா, மெசின கொஞ்சம் நிப்பாட்டுங்க, இந்த ஒரு பாடத்த முடிச்சிக்கிறேன்" என்பாள். நிறுத்திவிட்டுக் கையால் தேய்ப்பேன்.

முதலில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு இரண்டு ஞாயிற்றுக்கு ஒருமுறை. எல்லாம் இடது பக்கம்.

அக்கா மகள் பதினோராம் வகுப்பு முடித்து ஓ.எல். பரீட்சை எழுத வேண்டிய வருடம், சித்திரைப் புத்தாண்டு கழிந்த ஒரு ஞாயிறு. கதவில் இரண்டு கீறல். வாட்டர் பேப்பர் போட்டு முடித்திருந்தேன். கதவு முழுவதும் வெளிறி, ஒரு துளி பளபளப்பு இல்லாமல் செத்துக் கிடந்தது. மெசினுக்குத் தட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் ஓடையில் கால் கழுவிவிட்டு மேலே வந்தார். கதவுக்கு முன்னால் நின்றார்.

"அடேயப்பா! கண்ணாடி கணக்கா இருக்கேடா. மொகம் தெரியுது பாரு."

அதோடு விடவில்லை. குனிந்து, கதவைப் பார்த்துத் தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டார்.

பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பதற்காக அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பகிடி பண்ணவில்லை. நான் வேலையை முடித்திருப்பேன் என்று நினைத்துப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

அக்கா வைத்துவிட்டுப் போன தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து, ஒன்றும் பேசாமல் அவருடைய இடது பக்கமாக நீட்டினேன். வாங்கவில்லை. கோப்பை அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் கதவைப் பார்த்தபடியே நின்றார்.

"எப்ப இருந்து?" என்றேன்.

"என்னா, எப்ப இருந்து?"

"கண்ணு."

மச்சான் படியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அக்காவின் மகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"மெல்லப் பேசு. அக்கா காதுல விழுந்துறப் போவுது." பிறகு மரத்தடியில் உட்கார்ந்தார். "எடது சுத்தமா இல்ல. வலதுல பொக அடிச்ச மாதிரி. ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா போனேன். சொட்டு மருந்து குடுத்தாங்க. போனது போனதுதானாம்."

"அப்புறம் எப்படி ஓட்டுறீங்க?"

"இருவத்தாறு வருசமா இந்த ரோடு. ஒவ்வொரு பள்ளமும் எனக்கு மனப்பாடம்டா. மெதுவாத்தானே போறேன். ஐயாவுக்கு மெதுவாப் போனாத்தான் புடிக்கும், பின்னால பேப்பர் படிப்பாரு." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார்: "மார்கழி வரைக்கும். புள்ள பரீட்சய எழுதட்டும். அப்புறம் நானே போய் சொல்லிருவேன். எட்டு மாசம், மச்சான்."

அந்தக் கேட்டுத் தூண் ஏன் நடந்து வந்தது என்று அப்போது எனக்கு விளங்கியது. இடது பக்கம் திருப்பும்போது முன்சக்கரம் தப்பிவிடும், பின்கதவுதான் தூணில் உரசும். முதல் கீறலும் அப்படித்தான் விழுந்திருக்கிறது. சாம்பல் வலையைப் பார்த்து அலறிய அந்த நாளிலேயே இடது கண் போகத் தொடங்கியிருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், மெசினை ஓட்டினேன். களிம்பு பூசி, கதவு கறுக்கும்வரை ஓட்டினேன். அந்தக் காரில் துரையும் போகிறார், ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பால் வாளி தூக்கிய பெண்களும் நடக்கிறார்கள் என்பதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

அடுத்த வாரம் ஒரு வாளி சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு போய், பங்களாத் தோட்டக்காரரிடம் சிநேகம் பேசி, கேட்டுத் தூண் இரண்டுக்கும் வெள்ளை அடித்தேன். "ஏய், ஒனக்கு என்ன நேர்த்திக்கடனா?" என்று கேட்டார் அவர். ஆமாம் என்றேன். கொஞ்ச நாள் கீறல் குறைந்தது. பிறகு மழையில் சுண்ணாம்பு கரைந்தது.

ஆவணியில் ஒருநாள் துரை ஓடைப் பக்கம் நடந்து வந்தார். நான் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன், மச்சான் பக்கத்தில் நின்றார். கதவின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"டிரைவர், கார் நல்லா வச்சிருக்கே. முன்னே இருந்த ஆள் மாதிரி இல்லே."

"ஐயா புண்ணியம்ங்க" என்றார் மச்சான். துரை போன பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த வலது கண்ணில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருந்ததை அன்று வெயிலில் பார்த்தேன்.

புரட்டாசிக்குள் கதவு தாங்காமல் போய்விட்டது. நடுவில் மடிப்பு ஓடுகிற இடத்தில் கிளியரும் கறுப்பும் போய், அடியிலிருந்த சாம்பல் நிறம் நூல் போலத் தெரிந்தது. பாஸ் காரைப் பார்க்காமலே, நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இனி தேய்க்காத. தேச்சா இரும்புதான் வரும்." நான் கறுப்பு பெயின்டைக் குச்சியில் தொட்டு அந்த நூலை மூடினேன். ஐப்பசியில் இன்னொரு கீறலையும் எடுத்தேன். மெசின் போடவில்லை. கையாலேயே, காலையிலிருந்து மத்தியானம்வரை, உள்ளங்கைச் சூட்டில் தேய்த்தேன். நான் செய்த வேலைகளிலேயே அதுதான் நல்ல வேலை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. கராஜுக்குத் தோட்டத்து ஆபீஸிலிருந்து போன் வந்தது. கிளாக்கர் பேசினார். "ஒங்க மச்சான் கார் மதகுல எறங்கிருச்சு. ஒடனே வாங்க." உயிர் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. உடனே வாங்க என்று அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது.

தோட்டத்து றப்பர் பெக்டரிக்குக் கீழே, ரோடு ஓடையைக் கடக்கிற இடத்தில் ஒரு மதகு, சின்னப் பாலம். அதன் இடது பக்கக் கைப்பிடிச் சுவர் முந்தின வருட வெள்ளத்தில் போய்விட்டது, கட்டவில்லை. மச்சானுக்கு அது தெரியும். ஆறு மாதமாக மதகின் வலது ஓரத்தை ஒட்டியே போய் வந்திருக்கிறார். அன்று காலையில், அந்தச் சுவரைக் கட்டுவதற்காக, கருங்கல்லைக் கொண்டுவந்து வலது ஓரத்தில் குவித்துவிட்டார்கள். துரையைக் கூட்டி வருவதற்காகப் பிற்பகல் தனியாகப் போனவர், கல் குவியலைக் கிட்டத்தில் கண்டு இடது பக்கம் ஒடித்திருக்கிறார். அந்தப் பக்கம் ரோடு முடிந்திருந்தது. மனப்பாடத்தில் அந்தக் கல் குவியல் இல்லை.

கார் மூக்குக் குப்புற ஓடைப் பாறையில் இறங்கியிருந்தது. ஸ்டியரிங் நெஞ்சில் இடித்திருந்தது. பால் ஊற்றிவிட்டு வந்த பெண்கள்தான் அவரை வெளியே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் வாக்குமூலம் கொடுக்கப் பொலிசுக்குப் போனேன். காரைக் கட்டி இழுத்து வந்து முற்றத்தில் விட்டிருந்தார்கள். முன்பக்கம் முழுவதும் மடிந்து உள்ளே போயிருந்தது. கண்ணாடி இல்லை. இரவு பெய்த மழை சீட்டில் தேங்கியிருந்தது. வெயில் வந்திருந்தது.

இன்சூரன்ஸ் ஆள் ஒருவர் கையில் பலகையோடு காரைச் சுற்றி வந்தார். சிங்களவர், வயதானவர், நிதானமான ஆள். முன்பக்கத்தை எழுதினார், கூரையை எழுதினார். இடது பக்கப் பின்கதவுக்கு வந்ததும் நின்றார். குனிந்தார். வேலை தெரிந்தவன் பார்ப்பது போல, பக்கவாட்டில், வெயில் விழும் இடத்தைப் பார்த்தார்.

"எக சீரீமக்வத் நே" என்றார். ஒரு கீறல்கூட இல்லையே என்று. பிறகு என்னைப் பார்த்து, செத்துப்போனவர் உனக்கு யார் என்று கேட்டார். சொன்னேன். இவ்வளவு பழைய தோட்டத்துக் காரை இப்படி யாரும் வைத்திருந்து தான் பார்த்ததில்லை, கவனமான மனுஷன் போல, என்றார். எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், அவருக்குக் கண்ணில் ஏதாவது குறை இருந்ததா என்று கேட்டார். வயதை வைத்துக் கேட்கிற வழக்கமான கேள்விதான்.

"நே மஹத்தயா" என்றேன். இல்லை ஐயா என்று.

அந்த இரண்டு வார்த்தையோடு விஷயம் முடிந்தது. கைப்பிடிச் சுவர் இல்லாத மதகு, ஈர ரோடு, ரோட்டில் கொட்டிய கல் என்று எழுதினார்கள். டிரைவர் மேல் பிழையில்லை. பிழையில்லை என்றதால், பரீட்சை முடியும்வரை வீட்டில் இருக்கலாம் என்று துரை சொல்லியனுப்பினார். 

இன்சூரன்ஸ் ஆள் போன பிறகு நான் கதவுக்கு முன்னால் நின்றேன். என் முகம் தெரிந்தது. வலை இல்லை, வட்டம் இல்லை. தலைமயிரை ஒதுக்கிக்கொள்ளலாம் போல இருந்தது கதவு. அந்தக் கதவில் பத்து இருபது கீறல் இருந்திருந்தால் துரை வைகாசியிலேயே மச்சானை நிறுத்தியிருப்பார். திட்டியிருப்பார். வீடு போயிருக்கும். மச்சான் லயத்து வாசலில் உட்கார்ந்து பகிடி பேசிக்கொண்டிருந்திருப்பார்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து ஆட்கள் போன பிறகு, அக்கா குசினிக்குள் கூப்பிட்டாள். அரிசி டின்னுக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தாள். ஆஸ்பத்திரி கிளினிக் புத்தகம். கண் பிரிவு.

"ஒனக்குத் தெரியக்கூடாதுன்னு வச்சிருந்தேன்" என்றாள். "தெரிஞ்சா நீ அந்தக் காரத் தொட மாட்டேன்னு பயந்தேன்."

"எனக்குத் தெரியும்க்கா."

அக்கா டின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப இருந்து?"

"சித்திரையில இருந்து. ஒங்களுக்கு?"

"தைப்பொங்கலுக்கு முன்னயே. மாத்துத் துணி தேடையில சிக்குச்சு. நான் பாத்தது அவருக்குத் தெரியாது." மூடியை டின்னில் வைத்தாள். அது சரியாக உட்காரவில்லை. திரும்ப எடுத்து வைத்தாள். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல தேத்தண்ணி குடிச்சிருக்கோம்டா. ஒரு வார்த்த பேசிக்கலையே."

உள்ளறையில் மகள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். விஞ்ஞானப் பாடம். ஒரே வரியை மூன்று நான்கு தடவை சொன்னாள்.

"இத ஆபீஸ்ல எவனாவது பாத்தா?" என்றாள் அக்கா.

"பாக்க மாட்டாங்க."

புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். "நீயே போடு. இருந்தது தெரியாம பண்றது ஒனக்குத்தான் வரும்." குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். அடுப்பில் றப்பர் விறகு எரிந்துகொண்டிருந்தது. அட்டை முதலில் சுருண்டது, பிறகு உள்தாள். அக்கா ஊதுகுழலால் சாம்பலைக் கிளறிவிட்டு, அதே அடுப்பில் கேத்தலை வைத்தாள்.

மகள் பரீட்சை எழுதினாள். பாஸ் பண்ணினாள். பெறுபேறு வரும்போது அவர்கள் மேல் லயத்துக்குப் போயிருந்தார்கள். நானும் அந்தக் கராஜில் நிற்கவில்லை. மாவனெல்லைக்குப் போனேன், கேகாலைக்குப் போனேன், கொஞ்ச நாள் வேலையே செய்யாமல் திரிந்தேன், மறுபடியும் மெசினைத்தான் பிடித்தேன். வேறு எதுவும் கைக்கு வரவில்லை. அக்காவைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை போவேன்.

அவள் மகள் பிறகு தோட்டத்துச் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சரானாள். கடைசியாக நான் போனபோது லயத்துக்கு மேலேயும் கரண்ட் வந்திருந்தது. திரும்பும்போது பஸ் ஏற்றிவிட என்கூடக் கீழே இறங்கி வந்தாள். பழைய டிரைவர் வீட்டுக்கு எதிரே நின்றோம். யாரோ புது டிரைவர் குடியிருந்தார். கொடியில் சின்னப் பிள்ளை உடுப்பு காய்ந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"பங்களாத் தோட்டக்காரரு சொல்றாரு, அப்பாவுக்குக் கண்ணு தெரியாதாம். அதுனாலதான் மதகுல எறங்குனாராம்."

"அவன் கெடக்குறான் கெழவன்" என்றேன். "ஒங்கப்பா அந்தக் கார எத்தன வருசம் ஓட்டுனாரு, ஒரு கீறல் உண்டா? இன்சூரன்ஸ்காரரே பாத்துட்டு எழுதுனாரு. நான் பக்கத்துல நின்னேன்."

அவள் அந்த வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பலா மரம் இன்னும் இருந்தது. பின்வாசல் படி ரோட்டிலிருந்து தெரியாது.

"அப்ப ஏன் மாமா, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து அந்த ஒரே கதவத் தேச்சீங்க? நான் படியில உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

பஸ் வளைவில் வந்துகொண்டிருந்தது. அவள் கையைக் காட்டி அதை நிறுத்தினாள். என் உரச்சாக்கைத் தூக்கி, பஸ் படியில் ஏறி, சீட்டுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு இறங்கினாள்.

"பாத்துப் போங்க மாமா" என்றாள்.